புதுப்பிப்பு: லேப்டொப்பில் வீடியோ திக்கிய பிரச்சினை

வெள்ளவத்தை வீட்டில் நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தும் பழைய லேப்டொப்பில் யூடியூப் 1080பி60 (நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் எச்டி) வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபோனில் பிசகே இல்லை என்று போன கிழமை கேட்டிருந்தேன். இப்போது சரி. கோளாறு இணையத்தில் இல்லை.

இங்கே ஒருவர் சொன்னபடி வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' திறந்தேன். பஃபர் (முன்கூட்டியே இறங்கி நிற்கும் வீடியோ) தாராளமாக இருந்தது. விடுபட்ட ஃபிரேம் (திரையில் காட்டாமல் தவறிய படங்கள்) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) வரியில் 'ஏவி01', அதாவது ஏவி1. அங்கேதான் விஷயம். ஏவி1 வீடியோவை அதற்கென்றே உள்ள வன்பொருளில் விரிக்கும் வசதி இன்டெல் லேப்டொப்களுக்கு 2020இல், 11ஆம் தலைமுறையோடுதான் வந்தது. என்னுடையது 7ஆம் தலைமுறை ஐ3. முழுப் பாரமும் பிராசசர் தலையில். விசிறி அலறியதும் அதனால்தான்.

யூடியூப் செட்டிங்ஸில் 'பிளேபேக் அன்ட் பெர்ஃபோமன்ஸ்' போய், ஏவி1 எஸ்டி (எச்டிக்குக் குறைந்த) தரத்துக்கு மட்டும் என்று மாற்றினேன். இப்போது எச்டிக்கு விபி9 என்ற வேறு கோடெக் வருகிறது. அதை இந்தச் சிப் வன்பொருளிலேயே விரித்துவிடும். அப்புறம், குரோமில் ஹார்ட்வெயார் அக்சிலரேஷன் (இப்படியான வேலையை வன்பொருளிடம் விடும் வசதி) ஓனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ எப்போதோ எனக்கு அதை நிறுத்தி வைத்திருந்தார்கள் (தம்பி மேல் சந்தேகம்).

ரேம் கூட்டச் சொன்ன பம்பலப்பிட்டிக் கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.