கலை ஒளிப்பட அச்சு: வாங்கும் முன் எதைக் கேட்க வேண்டும், கடலோர வீட்டில் எப்படிக் காப்பது?

நெய்தல்:
அனைவருக்கும் வணக்கம். கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களில் எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு என்றாலும், கண்காட்சியில் பணம் கொடுத்து அச்சு எதையும் இதுவரை வாங்கியதில்லை. இப்போது இங்கே சென்னையில் பார்த்த ஒரு கண்காட்சியில் தனுஷ்கோடிக் கடற்கரைப் படம் ஒன்று மனத்தை விட்டு அகல மறுக்கிறது. 16க்கு 20 அங்குலம். விலை 38,000 ரூபாய். அருகில் ஒட்டியிருந்த சீட்டில் ‘ஆர்க்கைவல் பிக்மென்ட் பிரிண்ட், 308 ஜி.எஸ்.எம். பருத்திக் காகிதம், 4/15’ என்று இருந்தது (ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடையாம்). இதே அளவில் ஒரு படத்தைக் கலர் லேப்பில் கொடுத்தால் சில நூறு ரூபாயில் அச்சிட்டுத் தருவார்களே என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. இன்னொரு கவலையும் உண்டு. எங்கள் வீடு பெசன்ட் நகரில், கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜன்னல் கம்பிகளே துருப்பிடித்து உதிரும் இடத்தில் ஒரு காகிதம் தாங்குமா?

இருட்டறை:
வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான், அதிலிருந்தே தொடங்குகிறேன். கலர் லேப்பில் கிடைப்பது பெரும்பாலும் இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய காகிதத்தில், வேதிச் சாயங்களால் உருவாகும் படம். அந்தச் சாயங்கள் வெளிச்சத்தில் மட்டுமன்றி, ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் மெல்ல மங்கக்கூடியவை. 70களிலும் 80களிலும் எடுத்த திருமணப் படங்கள் செம்மை படர்ந்து கிடப்பது அதனால்தான். நீங்கள் பார்த்த அச்சில் இருப்பது நிறமி மை, அதாவது கரையாத நுண்துகள்கள் காகிதத்தின் மேற்பூச்சில் படிந்து நிற்பது. காகிதமும் மரக்கூழால் ஆனதல்ல, பருத்தி இழையால் ஆனது. எனவே காலப்போக்கில் அமிலம் சுரந்து பழுப்பேறும் இயல்பு அதற்கு மிகக் குறைவு. இருட்டறையில் கையால் செய்யும் வெள்ளி ஜெலட்டின் அச்சு, அதாவது ஜெலட்டின் படலத்தில் நுண்ணிய வெள்ளித் துகள்களால் உருவாகும் படம், இவ்விரண்டுக்கும் வேறானது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிறமி அச்சில் நுண்ணிய மைப்புள்ளிகள் தெரியும், வெள்ளி அச்சில் அவற்றைக் காண முடியாது.

ஆனால் நெடுங்காலம் கெடாது என்று பொருள்படும் ‘ஆர்க்கைவல்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எந்த மைத்தொகுதி, எந்த நிறுவனத்தின் எந்தக் காகிதம், எந்த ஆண்டில் அச்சிடப்பட்டது, காகிதத்தில் ஒளிர்வூட்டி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். காகிதத்தை வெள்ளை வெளேரெனக் காட்டுவதற்காகச் சேர்க்கும் இந்த ஒளிர்வூட்டி, நாளடைவில் வலுவிழந்து தாளை மஞ்சளாகத் தோன்றச் செய்யும். புற ஊதாக் கைவிளக்கின் அடியில் பிடித்தால் ஒளிர்வூட்டியுள்ள தாள் நீலமாக ஒளிரும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1940இல் மறைந்தவர்; அவர் காலத்தவை என்று விற்கப்பட்ட அச்சுகள் சில, 1950களுக்குப் பின்னரே பரவலான இந்தப் பொருள் கலந்த தாளில் இருந்ததால்தான் பிற்காலத்தவை என்று தெரியவந்தன.

தன் வேலையில் அக்கறையுள்ள கலைஞர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். அச்சைச் சட்டத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லவும் தயங்காதீர்கள்.

முதல்பிரதி:
4/15 என்ற எண்ணைப் பற்றியும் பேச வேண்டும். பதினைந்துக்கு மேல் அச்சிட மாட்டேன் என்று கலைஞர் தரும் வாக்குறுதி அது; அதன் எல்லை எதுவரை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அளவில் மட்டும் பதினைந்தா, எல்லா அளவுகளையும் சேர்த்துப் பதினைந்தா, கலைஞர் தனக்கென வைத்திருக்கும் பிரதிகள் எத்தனை என்பன அந்தச் சான்றிதழில் இருக்க வேண்டும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் தம் பழைய வண்ணப் படங்களை 2012இல் மிகப் பெரிய அளவில் நிறமி அச்சுகளாக மீண்டும் அச்சிட்டு, நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 36 படங்களை ஏறத்தாழ 59 லட்சம் டாலருக்கு விற்றார். முன்பே எண்ணிட்ட பிரதிகளை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஜொனாதன் சோபல் வழக்குத் தொடுத்தார். அளவும் அச்சு முறையும் வேறாக இருப்பதால் அது புதிய பதிப்பே என்று கருதி நீதிமன்றம் 2013இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

இருட்டறை:
அதை ஏற்கிறேன், எனினும் எண்ணிக்கை குறைவாக இருப்பதே மதிப்பு என்று புதிதாக வாங்குபவர் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுதயப் படத்தை எண் எதுவும் இடாமல், பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளாகத் தம் கையாலேயே அச்சிட்டார். தொடக்க கால அச்சுகளில் வானம் சாம்பல் நிறமாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிற்காலத்தவற்றில் வானம் கன்னங்கரேல் என்றிருக்கும். ஒரே நெகட்டிவிலிருந்து இவ்வளவு வேறுபட்ட படங்கள் வந்திருக்கின்றன என்றால், அச்சிடுவதும் படைப்பின் ஒரு பகுதி என்றுதானே பொருள்? லேப் அச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏட்டறை:
பழைய ஆவணங்களைப் பேணும் பணியில் இருப்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சென்னையில் படத்தின் முதல் எதிரி ஈரப்பதம், வெளிச்சம் அடுத்ததுதான். நூறாண்டு தாங்கும், இருநூறாண்டு தாங்கும் என்று சொல்லப்படும் கணக்குகளைப் பாருங்கள்: இவ்வகைச் சோதனைகளில் பெயர் பெற்ற வில்ஹெல்ம் நிறுவனம் தன் மதிப்பீடுகளுக்கு 24 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் 60 விழுக்காடு ஈரப்பதத்தையுமே அடிப்படையாக வைக்கிறது. கடலோர வீட்டில் ஈரப்பதம் அதைத் தாண்டாத நாள்கள் குறைவு. 70 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

படம் ஒருபோதும் கண்ணாடியைத் தொடக் கூடாது. வெள்ளி ஜெலட்டின் அச்சாக இருந்தால் ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் தண்ணீர் பட்டது போல மினுங்கும், பிரிக்க முயன்றால் படமே பெயர்ந்து வரும். எனவே படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையான மவுண்ட் போர்டை, அமிலமற்றதாகப் பார்த்து, இடையில் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மலிவான போர்டை வைத்தால் அதன் வெட்டு விளிம்பு சில ஆண்டுகளில் பழுப்பாகி, படத்தைச் சுற்றி அதே பழுப்புக் கோட்டை விட்டுச் செல்லும், பிறகு அதைப் போக்கவே முடியாது. கடைகளில் பின்புறம் வைக்கும் ஹார்ட்போர்டும் ப்ளைவுட்டும் அமில ஆவியை விடுபவை. பசையோ செல்லோ டேப்போ அச்சின் மீது படவே கூடாது. நான்கு மூலைகளிலும் காகித மூலைப்பிடிகள் போதும்.

கடலைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டாமல், இரு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறிய ரப்பர் குமிழ்களை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். அறைக்குப் புதிதாக ஆயில் பெயின்ட் அடித்தால் அந்த வாடை முழுவதும் அடங்கும்வரை படத்தை வேறு அறையில் வையுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது நீர்மத்தைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், நேராகக் கண்ணாடியில் தெளித்தால் அது வழிந்து கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும்.

நெய்தல்:
மிகவும் நன்றி. கண்காட்சியில் கேட்டேன், காகிதம், மை, ஆண்டு மூன்றையும் உடனே எழுதித் தந்தார்கள், எல்லா அளவுகளையும் சேர்த்துப் பதினைந்துதான் என்றும் உறுதியளித்தார்கள். சட்டத்தோடே தருவதாகச் சொல்கிறார்கள். அப்படியே வாங்கலாமா? எங்கள் வீட்டில் இரவில் மட்டுமே ஏ.சி. ஓடும், அதனால் கெடுதல் உண்டா? மேலும் தாத்தா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் சில பிளாஸ்டிக் உறைகளில் இருக்கின்றன.

ஏட்டறை:
சட்டத்தின் பின்புறத்தைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே இருப்பது எந்த போர்டு என்று பார்த்த பிறகு வாங்குங்கள். திறக்க இயலாது என்றால் அச்சை மட்டும் வாங்கி, வேறிடத்தில் சட்டம் போட்டுக்கொள்வதே நல்லது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் அக்ரிலிக் தகட்டுக்குச் செலவு கூடினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். ஏ.சி. இரவில் மட்டும் ஓடும் அறையில் ஈரப்பதம் அன்றாடம் ஏறி இறங்குவதால் தாள் விரிந்து சுருங்கும். ஆகவே படுக்கையறையை விடக் கூடத்தின் உட்சுவரே மேல்.

தாத்தாவின் படங்களை முதலில் கவனியுங்கள். உறை பி.வி.சி.யாக இருந்தால், அதன் கடும் பிளாஸ்டிக் வாடையே காட்டிக்கொடுத்துவிடும், உடனே அவற்றை அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றுங்கள். ஒட்டியிருக்கும் எதையும் இழுக்காமல் அப்படியே ஒரு வல்லுநரிடம் கொண்டு செல்லுங்கள். இரும்பு அலமாரியில், அந்துருண்டை போடாமல், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் என்றால் கொள்ளை ஆசை, ஆகையால் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை எழுத விரும்பினால் மென்மையான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் எழுதுங்கள், பேனா வேண்டாம்.