பேச்சுவழி ஹிப்னாடிசம்: எங்கே தப்பு பண்றேன்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து எழுதறேன். கண்ணை மூடச் சொல்லாம, சாதாரணப் பேச்சுலயே மனசைத் தளர்த்தற, அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சனோட ஹிப்னாடிச முறையை ஆறு மாசமா பழகிட்டிருக்கேன். எங்க அமுச்சிக்கு (அம்மாவோட அம்மா) ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் மருந்து ஓடுது. கூடவே இதையும் பார்க்கலாமான்னு அமுச்சிகிட்டக் கேட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

நேத்து வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்து, "கை கனமாகுது, தோள் தளருது"ன்னு இழுத்து இழுத்துச் சொன்னேன். சட்டுனு எந்திரிச்சு, "ஏங் கண்ணு, ஒடம்புக்கு ஆகலியா? குரலு ஒரு மாதிரி இருக்குது"ன்னு என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தாங்க. அதோட கலைஞ்சிருச்சு.

குரலை மாத்துனது தப்புன்னு புரியுது. வாய்க்கா காத்து, மாட்டு மணின்னு அவங்க நிஜமா உணர்றதை முதல்ல சொல்லாம நேரா கனத்துக்குத் தாவுனது அதைவிடப் பெரிய தப்பு. "கவலைப்படாதீங்க"ன்னு சொன்னா கவலைதான் முன்னால வந்து நிக்குது, அதையும் விட்டுட்டேன்.

புற்றுநோய் வலியில இருந்த பூ வியாபாரிகிட்ட, எரிக்சன் தக்காளிச் செடி வளர்றதைப் பேசியே வலியைத் தணிச்சிருக்கார். எங்க அமுச்சிக்கு மஞ்சக்காடுதான் உசுரு. நடவு, தண்ணி பாய்ச்சறதுன்னு அவங்க பேசறப்ப, அதுக்குள்ளயே ஓய்வைக் கொண்டு வர்றது எப்படிங்க? அவங்க மூச்சுக்கு ஏத்த மாதிரி பேசலாம்னு பார்த்தா, மூச்சைக் கவனிச்சா என் பேச்சு தட்டுது, பேச்சைக் கவனிச்சா மூச்சு தவறுது. ரெண்டையும் சேர்த்துப் பழகுனவங்க ரெண்டு மூணு வாக்கியம் எழுதிக் காட்டுனா பெரிய உதவிங்க.