பழைய நீர்மூழ்கி, பழைய விமானம், உடைபடும் கப்பல்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

அரக்கோணத்தான்

விசாகப்பட்டினம் கடற்கரையில் நிற்கும், கடற்படையின் பழைய ரஷ்யக் கண்காணிப்பு விமானமான டியூ-142ஐ இங்கே நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், அதனால் அதன் வரலாற்றுக்குள் போகவில்லை. 1988இல் கடற்படைக்கு வந்தது, 2017 மார்ச் 29 அன்று எங்கள் அரக்கோணத்து ராஜாளி கடற்படைத் தளத்தில் விடைகொடுத்தார்கள், அந்த வருடக் கடைசியிலேயே அருங்காட்சியகம் ஆகிவிட்டது. என் சித்தப்பா அதன் எஞ்சின் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

எல்லோரும் உள்ளே ஏற வரிசையில் நிற்கிறார்கள். சித்தப்பா ஏறவில்லை. இறக்கைக்கு அடியில் போய், நான்கு எஞ்சினுக்கும் நேர் கீழே தரையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். "எண்ணெய்க் கறை" என்றார். "சொட்டாத டியூவை நான் பார்த்ததில்லை. சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம், ஏணியை எடுத்து வந்து ஊற்றுவோம்."

அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் திரும்பும் வழியில், "அவ்வளவு எண்ணெயையும் யார் வடித்திருப்பார்கள், எங்கே கொட்டியிருப்பார்கள்?" என்று கேட்டார். அதுதான் என் மண்டைக்குள் நின்றுவிட்டது. 2013 முதல், டியூவின் இடத்துக்கு வந்த பி-8ஐ விமானம் எங்கள் ஊர் மேல் பறக்கிறது. போயிங் 737 உடம்பு, டியூவின் எட்டு புரொப்பெல்லர் சத்தம் இல்லை, யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. புதியது வந்ததைப் பற்றி ஆயிரம் செய்தி வருகிறது. பழையதைக் கழற்றியவர்களைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. யாராவது இருந்தால் எழுதுங்கள்.

முன்னாள் மின்பிரிவு

கழற்றியதில்லை. ஓட்டியிருக்கிறேன். சிந்துகோஷ் வகை நீர்மூழ்கி, மின்பிரிவு. எந்தப் படகு, எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள்.

அந்தப் படகில் ஈய-அமில பேட்டரி, இரண்டு தொகுதி, தொகுதிக்கு 120 செல். சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதம் ஆனால் ஒரு பொறி போதும். அதனால் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம், சாப்பிடுவோம், சண்டை போடுவோம்.

ஒரு ராத்திரி, கரையில் கட்டியிருக்கும்போது, திடீரென்று விழிப்பு வந்தது. ஏன் விழித்தேன் என்று சில நொடி புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, விசிறிச் சத்தம் இல்லை. பேட்டரி மட்டும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தால் முள் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் நின்ற பையன் விளக்கைப் போடக் கையை நீட்டினான். "எந்த சுவிட்சையும் தொடாதே" என்று கத்தினேன்.

கத்திவிட்டேன், சரி. விசிறியையும் சுவிட்ச் போட்டுத்தானே ஓட்ட வேண்டும்?

இதுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை. அந்தப் பையனின் கை அந்தரத்தில் நிற்கிறது, நான் அவனையே பார்க்கிறேன், இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் ஆளை மேலே அனுப்பி, கரையிலிருந்து வரும் மின்சாரத்தைக் கரையிலேயே நிறுத்தச் சொன்னோம். மேல்மூடிகளைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். முள் மெல்ல மெல்ல இறங்கியது. விசிறி ஏன் நின்றது என்பதற்கு ஒரு காகிதத்தில் ஏதோ எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: இதே வகை நீர்மூழ்கியான சிந்துரக்ஷக்கில் 2010 பிப்ரவரியில் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். பேட்டரி வால்வு ஒன்றில் கசிந்த ஹைட்ரஜன்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு ரஷ்யாவுக்குப் போய் நவீனப்படுத்திக்கொண்டு வந்த படகு அது. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பையில் வெடித்து 18 பேர் போனது வேறு கதை, அதையும் இதையும் ஒன்றாக்காதீர்கள்.

மும்பைத் தமிழன்

என்னுடையது சின்னது. பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை 2014 கடைசியில் மும்பையின் கப்பல் உடைக்கும் இடமான தாருகானாவில் வெட்டிக்கொண்டிருந்தபோது தூரத்திலிருந்து பார்த்தேன். சின்ன வயதில் அது மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தபோது அப்பாவோடு ஏறியிருக்கிறேன். தூக்கிக்கட்டிய முன்பக்கத்து ஓடுதளம் பாதி போய்விட்டது, பாதி அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

60 கோடிக்கு விற்றார்கள். 2016இல் அந்த இரும்பைச் சேர்த்து செய்த பைக் என்று பஜாஜ் வி வந்தது. என் மச்சான் வாங்கினான். அந்த டேங்கைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும், அவனுக்கு மைலேஜ் தவிர வேறு கவலை கிடையாது.

ஜெனரேட்டர் மணி

அரக்கோணத்தான் கேட்டதற்கு என்னால் பாதி பதில் சொல்ல முடியும். நான் கடற்படை இல்லை, வியாபாரி. கப்பலில் இருந்து கழற்றிய ஜெனரேட்டர் வாங்க, குஜராத்தில் கப்பல் உடைக்கும் கடற்கரையான அலங் போவேன். கட்டில், சோபா, கப்பல் சமையலறைப் பாத்திரம் என்று சாலையின் இரண்டு பக்கமும் கடை விரித்திருப்பார்கள், போனவர்களுக்குத் தெரியும்.

விமானந்தாங்கி விராட் உடைபட வந்து மணலேறி நின்ற சமயத்தில்கூட (2020 செப்டம்பர்) அங்கே இருந்தேன். ஆனால் என்னை உறுத்துவது அது இல்லை. அதற்குப் பல வருடம் முன்னால், ஒரு சாதாரண சரக்குக் கப்பல். எந்த உடைப்பு மனை என்று சொல்ல மாட்டேன். என் லாரியில் சாமான் ஏற்ற நேரமாகும் என்று கரையில் காத்திருந்தேன். ஒரு ஒடியாக்காரர், என் வயதுதான் இருக்கும், நீராவிக் குழாய் மேலே சுற்றியிருந்த வெள்ளை நாரை வெறும் கையால் உரித்து மூட்டையில் திணிக்கிறார். திணித்து முடித்துவிட்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அது என்னவென்று அரைகுறை இந்தியில் கேட்டேன். "பஞ்சு" என்று சொல்லிச் சிரித்தார். மெத்தென்று இருக்கும், நீயும் உட்காரு என்று இடம் விட்டார்.

நான் உட்காரவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்று எனக்குத் தெரியும்.

நிஜம் பேசுவோம்

மணி சாருக்குப் பணிவான மறுப்பு. பல வருடம் முந்தைய கதையை வைத்து இன்றைய அலங்கை எடைபோடக் கூடாது. 2019இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. அதே வருடம் இந்தியா, கப்பல்களைப் பாதுகாப்பாக உடைப்பதற்கான ஹாங்காங் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2025 ஜூன் 26 முதல் அது உலகம் முழுக்க அமலில் இருக்கிறது. கப்பலில் என்னென்ன நச்சுப்பொருள் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் இனி உடைக்க முடியாது. அபாயக் கழிவைப் புதைக்க அலங்கிலேயே தனி இடம் இருக்கிறது, தொழிலாளிக்குப் பயிற்சி இருக்கிறது. உடைத்த இரும்பு நேராக உருட்டாலைக்குப் போகிறது, தாது தோண்ட வேண்டியதில்லை. ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத்தில் எத்தனை வீட்டில் அதனால் அடுப்பு எரிகிறது! வெளிநாட்டுக்காரன் சொல்வதையே நாமும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வேலையும் போகும்.

அனுபவம் கேட்டிருக்கிறார்கள், எனக்கும் உண்டு. 2023இல் அங்கே போனபோது ஹெல்மெட் இல்லாமல் ஒருவரையும் பார்க்கவில்லை.

முன்னாள் மின்பிரிவு

நண்பரே, ஹெல்மெட் நுரையீரலுக்குப் போடுவது இல்லை.

இன்னொன்று, இந்த இழை தொடங்கியதே கடற்படைச் சாமான்களைப் பற்றி. நீங்கள் சொல்லும் ஹாங்காங் ஒப்பந்தம் போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது, அதிலேயே எழுதியிருக்கிறது. 2009இல் எழுதிய ஒப்பந்தம் அமலுக்கு வர 16 வருடம் ஆனது, அதுவும் வணிகக் கப்பலுக்கு மட்டும். பிரான்ஸின் கிளமென்சோ நினைவிருக்கிறதா? அலங்குக்குக் கிளம்பிய விமானந்தாங்கி. ஆஸ்பெஸ்டாஸ் பிரச்சினை பெரிதாகி, 2006 பிப்ரவரியில் அவர்கள் அதிபர் சிராக்கே திரும்பி வரச் சொன்னார். கடைசியில் இங்கிலாந்தில் வெட்டினார்கள். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் எல்லாவற்றிலும் கொதிகலன் அறை முழுக்க அந்தப் 'பஞ்சு'தான்.

செகண்ட் மேட்

வணிகக் கப்பல்காரன். கேடட்டாக இருந்தபோது, திறந்து வைத்திருந்த பேலஸ்ட் தொட்டிக்குள் (கப்பலின் எடையைச் சரிக்கட்டத் தண்ணீர் நிரப்பும் தொட்டி) சும்மா தலையை விட்டுப் பார்த்தேன். சீஃப் ஆபீசர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று விட்டார். அவ்வளவுதான் என் அனுபவம். ஏன் அடித்தார் என்று அப்போது புரியவில்லை.

இதைப் படிக்கும் யாராவது உடைப்பு வேலைக்கோ பழுதுபார்க்கும் வேலைக்கோ போகிறவர்களாக இருக்கலாம், அதனால் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் 20, 30 வருடம் கழித்துக் கொல்லும். மூடிய தொட்டி அங்கேயே சில நிமிடத்தில் கொல்லும். உள்ளே விஷ வாயு எதுவும் இருக்க வேண்டியதே இல்லை. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த காலித் தொட்டியில் சுத்தமான காற்று மாதிரியே இருக்கும், வாசனை இருக்காது, இரண்டு மூச்சில் ஆள் விழுவான். விழுந்தவனைத் தூக்க அடுத்தவன் குதிப்பான், அவனும் விழுவான். இந்த மாதிரி விபத்துகளில் காப்பாற்றப் போனவர்களும் நிறையப் பேர் சாகிறார்கள். கூட்டாளி விழுந்தால் தயவுசெய்து உள்ளே குதிக்காதீர்கள். காற்றுச் சிலிண்டர் மாட்டியவன் மட்டும்தான் இறங்க வேண்டும். முதலில் ஆள் கூப்பிடுங்கள், மேலிருந்து காற்று அடியுங்கள்.

மீட்டர் வைத்துப் பார்க்கும்போது மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் பாருங்கள். முதலில் ஆக்சிஜன், அப்புறம் எரியும் வாயு, அப்புறம் நச்சு வாயு, இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் எரிவாயு மீட்டர் பல சமயம் பொய் காட்டும். ஆக்சிஜன் 21 பக்கத்தில் இருக்க வேண்டும், 19.5க்குக் கீழே போனால் இறங்காதீர்கள். கழிவு எண்ணெய் இருந்த இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் திடீரென்று நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், மூக்கு செத்துவிட்டது.

எண்ணெய்த் தொட்டியில் காலையில் வாயு இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதை நம்பாதீர்கள். சுவரில் ஒட்டிய கசடு வெயிலில் சூடாகி மறுபடி வாயு விடும். வாயுவில் எரியும் வெட்டுக் கருவியைப் பற்றவைக்கும் முன் மறுபடி பாருங்கள். 2016 நவம்பர் 1 அன்று பாகிஸ்தானின் கடானியில் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், தேடிப் படித்துப் பாருங்கள். கருவியின் குழாயைச் சாப்பிடப் போகும்போது தொட்டிக்குள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், வாயு கசிந்து நிரம்பிவிடும். இன்னும் நிறைய இருக்கிறது, யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

மும்பைத் தமிழன்

யாரும் கேட்கவில்லை சார், ஆனாலும் சேமித்து வைத்துக்கொண்டேன்.

நிஜம் பேசுவோம்

மின்பிரிவு சார், போர்க்கப்பல் விஷயம் சரி, விலக்கு இருக்கிறது. ஆனால் மணி சாரிடம் ஒரு கேள்வி. ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்தும் அந்த ஆளிடம் சொல்லாமல் வந்துவிட்டீர்களா?

ஜெனரேட்டர் மணி

சொன்னேன். இது நுரையீரலை அரிக்கும், பீடியும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று, தெரிந்த இந்தியில், கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மூட்டையை விட்டு எழுந்து, அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வேறு எப்படிக் கொண்டுபோவார்? அந்தத் தூரத்துக்கு வண்டி யாரும் கொடுக்கவில்லை.

அரக்கோணத்தான்

சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். எண்ணெய்க்குப் பதில் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். மின்பிரிவு அண்ணா, ஒரு சந்தேகம். இப்போது புதிய கல்வரி வகை நீர்மூழ்கியில் ஏஐபி (வெளிக்காற்று இல்லாமலே மின்சாரம் எடுக்கும் முறை) வைக்கப்போகிறார்களே, பேட்டரித் தொல்லை அதோடு தீர்ந்துவிடுமா?

முன்னாள் மின்பிரிவு

தீராது தம்பி. கல்வரியிலும் பேட்டரி இருக்கத்தான் இருக்கிறது. ஆறு படகில் கடைசியான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது, அதிலும் இருக்கிறது. ஏஐபி என்பது சார்ஜ் போட அடிக்கடி மேலே வராமல் அதிக நாள் தண்ணீருக்குள் கிடக்க உதவும், அவ்வளவுதான். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ செய்தது எரிபொருள் கலன் முறை. கொண்டுபோகும் ஆக்சிஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மின்சாரம் எடுப்பார்கள். ஹைட்ரஜனைத் தேக்கி வைக்காமல் படகிலேயே தேவைக்குத் தேவை உண்டாக்குவார்கள் என்பது அதில் நல்ல விஷயம். 2024 டிசம்பரில் ஏறக்குறைய 1,990 கோடிக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் காலமெல்லாம் விரட்டி வெளியேற்றிய சாமானை இவர்கள் வேண்டுமென்றே உள்ளே தயாரிக்கப்போகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், எல்லாக் கணக்கும் போட்டிருப்பார்கள்.

படகை நடுவில் வெட்டி, ஏஐபி இருக்கும் ஒரு துண்டைச் சேர்த்து ஒட்டுவார்கள். அந்த வேலையில் இருப்பவர் யாராவது இங்கே இருந்தால், ரகசியம் எதுவும் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அந்தப் பகுதி விசிறியின் சுவிட்சை எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்?