பஞ்சு அடைத்ததும் பொம்மையின் தையல் விலகுகிறது: எந்தக் கைத்தையல் ஏற்றது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். விரைவில் ஒரு வயது நிறைவடையும் என் அக்காள் மகளுக்காகப் பருத்தித் துணியில் ஒரு முயல் பொம்மையைக் கையாலேயே தைத்து வருகிறேன். தையல் இயந்திரம் என்னிடம் இல்லை. முழுவதையும் ஓட்டுத் தையலால் தைத்துப் புரட்டிப் பஞ்சு அடைத்தபோது, கழுத்துப் பகுதியில் தையல்களுக்கிடையே துணி விலகிப் பஞ்சு வெளியே தெரிகிறது. கடைசியாக மூடிய இடமும் மேடு தட்டிக் கிடக்கிறது. இவற்றை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1:
ஓட்டுத் தையலில் நூல் ஒரே கோடாக மேலும் கீழும் போய் வருவதால், உள்ளிருந்து பஞ்சு அழுத்தும்போது ஒவ்வொரு தையலுக்கும் நடுவே துணி விலக இடம் கிடைத்துவிடுகிறது. ஆகவே உடல் பகுதிக்குப் பின்தையலே ஏற்றது. ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் அளவு பின்னால் சென்று குத்தி, அடியில் இரு தையல் அளவு முன்னேறி மீண்டும் மேலே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தையலும் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். துணியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தையுங்கள். கழுத்து உள்வளைவாக இருப்பதால் இழுவிசை முழுவதும் அங்கேதான் விழும். அவ்விடத்தை இரண்டு முறை தைத்து, புரட்டுவதற்கு முன் தையலை வெட்டிவிடாமல் ஓரத்துணியில் சிறு வெட்டுகள் கொடுத்தால் வளைவு சுருங்காமல் படியும்.

மறுமொழி 2:
பஞ்சு அடைப்பதற்காகத் தைக்காமல் விட்ட திறப்பை, அதாவது வாயை, மூடுவதற்கு ஏணித் தையலை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. இரு ஓரங்களையும் உள்ளே மடித்து விரலால் அழுத்திவிட்டு, முடிச்சை மடிப்புக்குள் மறைத்து, ஒரு மடிப்பின் உள்ளே 3 மில்லிமீட்டர் ஊசியை ஓட்டுங்கள். பிறகு நேர் எதிரே உள்ள மடிப்பில் அதேபோல் ஓட்டுங்கள். நூல் நேராகக் கடக்க வேண்டும். சாய்ந்தால் இழுத்த பிறகும் வெளியே தெரியும். நான்கைந்து தையல்களைத் தளர்வாக விட்டு, அதன் பின்னரே மூடும் வாயின் திசையிலேயே மெதுவாக இழுத்தால், படிகள் மறைந்து இரு ஓரங்களும் ஒட்டிக்கொள்ளும். இறுதி முடிச்சைப் போட்ட பின் ஊசியைப் பொம்மைக்குள் செலுத்திச் சற்றுத் தள்ளி வெளியே எடுத்து, நூலை லேசாக இழுத்தபடி வெட்டுங்கள். நுனி தானாக உள்ளே போய்விடும். பஞ்சு அடைக்க விடும் வாயை வளைவில் விடாமல் நேரான பக்கத்தில் விடுவதும் முக்கியம்.

மறுமொழி 3:
குழந்தைக்கு ஒரு வயதுதான் என்பதால் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். கண்களுக்குப் பொத்தான்களையோ மணிகளையோ வைக்காதீர்கள். அவை கழன்று வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். கண்ணையும் மூக்கையும் நூலாலேயே நிரப்புத் தையலில் (நூலை நெருக்கமாக அடுக்கி இடத்தை நிரப்பும் தையல்) பூவேலை செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஏற்கெனவே போட்ட தையலை முழுவதும் பிரிக்க வேண்டுமா?

மறுமொழி 1:
வேண்டியதில்லை. மூடிய வாயை மட்டும் பிரித்துப் பஞ்சை எடுத்து, பொம்மையை உள்பக்கமாகப் புரட்டி, பழைய தையல் கோட்டின் மீதே பின்தையல் போடுங்கள்.