பாபிலோன் 5 டிவிடி யாரிடமாவது உண்டா?

மக்களே, ஒரு உதவி. 1994 முதல் 1998 வரை வந்த பாபிலோன் 5 என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடர், ஐந்து சீசனும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாரிடமாவது உண்டா? டிவிடி, புளூரே எதுவானாலும் சரி. பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

கேட்பது என் மாமாவுக்காக. மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விண்வெளிப் படம் என்றாலே குறை கண்டுபிடிப்பார். யூடியூபில் ஒரு காட்சியைக் காட்டினேன். "ஆளுவ எப்பிடிடே தரையில நடக்கானுவ?" என்றார். சுமார் எட்டு கிலோமீட்டர் நீள விண்வெளி நிலையம் தன்னைத்தானே சுற்றுவதால் உள்சுவரில் நிற்பவர்களுக்கு எடை கிடைக்கிறது என்றதும், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி முழுசும் பார்த்தே ஆகணுமாம்.

அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகவே ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். அப்புறம், பழைய டிவிடியில் அகலத்திரைக்காக கிராஃபிக்ஸ் காட்சிகளை மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், மங்கலாகத் தெரியும். 2021-ல் புதுப்பித்த 4:3 (பழைய டிவி திரை வடிவ) பதிப்பு கிடைத்தால் ரொம்ப நல்லது. இல்லையென்றால் பழையதே போதும்.

1993-ல் வந்த முன்னோட்டப் படத்தை முதலில் போடலாமா, நேரே முதல் சீசனா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். கதையை மட்டும் கமெண்டில் உடைத்துவிடாதீர்கள், மாமாவும் இந்தக் குழுவில் இருக்கிறார்.