மாதிரி ஜெட் விமானம் ஓடுபாதையில் மூக்கைத் தூக்கவில்லை

கேள்வி: 70 மி.மீ. விட்டமுள்ள மின்விசிறியால் இயங்கும் என்னுடைய மாதிரி ஜெட், முழு த்ராட்டிலில் (முழு விசையில்) ஓடியும் மூக்கைத் தூக்காமல் ஓடுபாதையின் கடைசிவரை சென்றுவிடுகிறது. எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டின்) அசைவை இன்னும் கூட்டலாமா?

மறுமொழி 1: இப்போதைக்கு வேண்டாம். புரொப்பெல்லர் விமானத்தைப் போல் வால்மீது காற்று வீசப்படாததால், ஜெட்டில் எலிவேட்டர் போதிய வேகம் வந்த பிறகே வேலை செய்யும்; ஆகவே முதலில் பேட்டரியைப் பொருத்தி, சக்கரங்களை இறக்கிய நிலையில், ஈர்ப்பு மையம் கையேட்டில் குறித்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி சற்று முன்னே நகர்ந்திருந்தாலும் மூக்கு கனத்துவிடும்.

மறுமொழி 2: முன்சக்கரக் காலையும் கவனியுங்கள். தரையில் மூக்கு தாழ்ந்து நின்றால், வேகம் கூடினாலும் இறக்கைக்குப் போதிய தூக்குவிசை கிடைக்காது. சற்றே உயர்ந்து நிற்பது நல்லது. ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகட்டை) பாதி இறக்கிப் பாருங்கள். புல்தரை என்றால் ஓட்டம் இன்னும் நீளும்.

கேட்டவர்: நன்றி ஐயா. முன்காலின் ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது, மாற்றிவிட்டு எழுதுகிறேன்.