புதுப்பிப்பு: அம்பாசடர் 1489 சிசி, டேப்பட் இடைவெளி வராத பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: ஹெட் ஸ்கிம்மிங் (எஞ்சின் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்து, வால்வு உட்காரும் சீட்டும் வெட்டிய பிறகு ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்) ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்தியும் ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே இடைவெளி வரவில்லை, ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ்ராடை வெட்டிக் குட்டையாக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேவகோட்டை அண்ணன் சொன்ன ஷிம் வழிதான் பலித்தது.

புஷ்ராடில் கை வைக்கவில்லை. ஹெட் இறங்கியதாலும் வால்வு முனை மேலேறியதாலும் புஷ்ராட் நீளமானது போல் ஆகியிருக்கிறது. காரைக்குடி லேத் பட்டறையில் 0.8 மிமீ தகட்டில் ஷிம் (உயரம் கூட்ட அடியில் வைக்கும் துண்டு) வெட்டி, ராக்கர்களைத் தாங்கும் பெடஸ்டல் நான்குக்கும் அடியில் வைத்தேன். ஸ்க்ரூ நடுவாக்கில் வந்து நின்றது. வால்வு முனையில் மார்க்கர் மை பூசி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். தேய்ந்த தடம் மெல்லியதாக, நடுவில் விழுந்தது. மனசு நிறைந்துவிட்டது, எங்கள் ஐயா ஓட்டிய வண்டி.

இடைவெளி 0.015 அங்குலம், ஒன்பது கணக்கில் (இரண்டு வால்வு எண்களும் கூட்டினால் 9) வைத்தேன்: 1ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஆவதை, 2 திறந்தால் 7ஐ, இப்படியே.

எதிர்பாராதவை இரண்டு. புஷ்ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டியதில் 6ஆவது வளைந்திருந்தது, மாற்றினேன். அப்புறம் முக்கியமானது: ராக்கருக்கு ஆயில் ஒரே ஒரு பெடஸ்டல் வழியாகத்தான் ஏறுகிறது. அதற்கான ஷிம்மில் ஆயில் துளை கட்டாயம் வேண்டும். முதல் ஷிம்மில் துளை இல்லை, மாட்டும் முன் கவனித்ததால் தப்பித்தேன்.

பிள்ளையார்பட்டி வரை ஓட்டி வந்தேன். சத்தம் இல்லை.